மதிலுக்கு அப்புறம் ஒரு சத்தமில்லாத பெட்டி

கழக்கூட்டம்,
திருவனந்தபுரம்.
14.6.2008

அன்பு மகன் பிரதீசுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் நாளைக் கடத்துகிறோம், கனடாவில் உன்னையும் ஷாலுவையும் குழந்தையையும் அவர் கண்மணிபோலக் காக்கட்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன். மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

நம் மதிலுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர்களை அடுக்கி நிறுத்தாமல் ஓட்டுகிற கம்பெனி இருக்கிறதே, கரண்ட் போகும்போதெல்லாம் அவர்களுடைய டீசல் ஜெனரேட்டர் போடுகிற சத்தமும் புகையும் உனக்குத் தெரியும். அப்பாவுக்கு இழுப்பு வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை. போன மாதம் அங்கே நாலு பீரோ சேர்ந்தாற்போல ஒரு பெட்டி வந்தது. கேஸை எரிக்காமலே அதிலிருந்து கரண்ட் எடுக்குமாம், ஃப்யூயல் செல் என்றார்கள். நீ அங்கே செய்கிற அதே ஜாதி மிஷின். பத்து நாள் சத்தமே இல்லாமல் ஓடியது. அப்பா ஜன்னலைத் திறந்து வைத்து மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கினார், மருந்து உறிஞ்சுவதும் குறைந்தது.

ஆனால் தெருவுக்கே பயம். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிற பகவதிப்பெருமாள் அண்ணாச்சி, "வெடிச்சா ஒரு வீடு மிஞ்சாது" என்று மனு எழுதிக்கொண்டு கிளம்பினார். கம்பெனி இஞ்சினியர் ஷிஜா, பாறசாலை ஊர்ப் பிள்ளை, எங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன், "மோளே, அடுப்பு கேஸ் லீக் ஆனா மூக்குக்குத் தெரியும், இதுவும் மணக்குமா?" "சிலிண்டர் ஷெட் வரைக்கும் மணக்கும் அம்மா. பெட்டிக்குள்ள அந்த மணத்தை எடுத்துடுவோம், இல்லன்னா மிஷின் கெட்டுப்போவும். உள்ள லீக் ஆனா மணி அடிச்சுத் தானே நின்னுரும்" என்றாள். உள்ளே மணக்காது என்றதுமே எல்லாருக்கும் பயம் கூடிவிட்டது, கடைசி வார்த்தை யார் காதில் ஏறியது? அன்றைக்கே மனுவில் பதினேழு கையெழுத்து, அதில் ஒன்று என்னுடையது. மறுவாரம் பெட்டியை நிறுத்தினார்கள், ஜெனரேட்டர் திரும்ப உறுமியது.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதறாதே, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார், உனக்குச் சொல்லக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார். கட்டிலில் கிடந்துகொண்டு, "நல்லாத்தான இருந்துது, ஏன் நிறுத்துனானுவ?" என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டதைச் சொல்லாமல் கஞ்சி எடுக்கப் போய்விட்டேன்.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நேற்று ஷிஜாவைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னதற்காக மேலிடத்தில் அவளுக்கு நல்ல ஏச்சாம், ஆனாலும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. அந்த மணி எங்கள் தெருவிலும் கேட்கும்படி மதிலில் ஒன்று வைப்பாயா, மாதம் ஒருதரம் எங்கள் முன்னால் அடித்துக் காட்டுவாயா என்று கேட்டேன். "மேல பேசி எழுதியே தாறேன் அம்மா" என்றாள், சாயங்காலமே தந்தாள். அந்தக் கடுதாசியோடு வீடு வீடாக ஏறினேன், பதினொரு பேர் மனுவில் தங்கள் பெயரை அடித்தார்கள். அண்ணாச்சியோ, "ஒங்க மவன் அந்தத் தொழில்ல இருக்கான், நீங்க அப்படித்தான் பேசுவீங்க" என்றார். சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் உன்னிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திங்கட்கிழமை பெட்டியைத் திரும்ப ஓட்டுகிறார்கள். பிரதீசே, என் மக்களே, கம்பெனிக்காரனாக எழுதாதே. உன் குழந்தை தூங்குகிற அறைக்கு வெளியே இதை வைப்பாயா? மாட்டாய் என்றால் மறைக்காதே, முதல் ஆளாய்ப் போய் நிறுத்தச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கையெழுத்து விஷயத்தை அப்பாவிடமும் இப்போதே சொல்லிவிடப் போகிறேன்.

ஞாயிறு ஆராதனையை விடாதே, ஷாலுவை அடுக்களையில் தனியே விடாதே. உன் கையின் வேலையைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும், சீக்கிரம் பதில் போடு.

உனக்காக ஜெபிக்கும்
அம்மா சுசீலாபாய்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அங்க நின்னிருந்தா நானும் கையெழுத்து போட்டிருப்பேன், கேட்டியா" என்றார்.