கரையில் ஒரு பிடி

1959 மாசி, ஊர்காவற்றுறை.

அனலைதீவில் பூசை வைத்துவிட்டு வந்து வள்ளத்தால் இறங்கும்போது கால் வழுக்கியது. நான் விழாமல் இருக்க, வள்ளக்காரன் சவிரி என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தான்.

கத்தோலிக்கக் குருவாகும் முன், இரண்டு உலக யுத்தங்களுக்கு இடையே, பிரான்சில் ஊர் ஊராகப் போய் மல்யுத்தம் செய்தவன் நான். இங்கு வந்த நாள் முதல் என்னை ஒருவரும் அப்படிப் பிடித்ததில்லை. என்னைக் கேட்காமலே உடம்பு திரும்பியது. சவிரி என் தோளுக்கு மேலால் போய்த் தண்ணீரில் விழுந்தான்.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கோ வெட்கமில்லாமல் சந்தோசம் பொங்கியது. சவிரி நனைந்தபடி எழுந்து முழந்தாளிட்டான்.

"மன்னியுங்கோ சுவாமி, தெரியாமல் தொட்டுப்போட்டன்."

"இல்லை சவிரி, நல்ல பிடி," என்றேன்.

போட்டி முடிந்தால் இருவரும் கைகுலுக்க வேண்டும். கையை நீட்டினேன்.

அவன் அதை முத்தமிட்டான்.