ட்ரையலுக்கு வந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்னொரு டெக்னீஷியனும் போய்விட்டான். ராஜினாமா கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "மேடம், நீங்க நல்லவங்கதான், ஆனா இந்த இடம் சரிப்படாது" என்றான். நல்லவளாக இருந்து என்ன பிரயோசனம்? இனி கையில் இருப்பது இரண்டே பேர். பதினெட்டு வருடமாக இருக்கும் மூத்தவர் ஒருவர், போன வருடம் படிப்பு முடித்த பெண் ஒருத்தி. டயாலிசிஸ் மெஷினோ பத்து, காலை மதியம் மாலை என்று மூன்று ஷிஃப்ட்.

சென்டரின் முதலாளி டாக்டர். எல்லோருக்கும் அவர் சார். கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "மாசக் கடைசிக்குள்ள ஆள் கிடைக்கலைன்னா சாயங்கால ஷிஃப்டை எடுத்துடலாம்" என்றார். ஃபேனை அணைக்கச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

சாயங்கால ஷிஃப்டில் எட்டு பேர். அதில் ஏழாம் படுக்கை என் அண்ணன். செவ்வாய், வியாழன், சனி. காலை ஷிஃப்டில் இடமில்லை, மதியத்திலும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் வரிசை எங்கே முடிகிறது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு தடவை தவறினால் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு முறை பார்த்தேன். மறுபடி பார்க்கத் தெம்பில்லை.

ஆள் எடுப்பது என் வேலை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

இன்று ஒருவன் ட்ரையலுக்கு வந்தான். எட்டு பேரையும் பாதிப் பாதியாக அவனும் மூத்தவரும் பார்த்துக்கொண்டார்கள். ஷிஃப்ட் ஓடிவிட்டது. "பார்த்துச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தேன்.

இதை எழுதி வைக்கத்தான் வேண்டும். வேலை கேட்டு வருகிறவர்கள் ஒரு முழு ஷிஃப்ட் வேலை செய்து காட்ட வேண்டும் என்பது சாரின் விதி. "ஊசி போடற கையைப் பாக்காம எப்படிம்மா எடுக்கறது?" என்பார். நியாயம்தான். சம்பளம் கிடையாது, டீ உண்டு. ஜனவரியில் ஆள் குறைந்தபோது சார் ஒன்றைக் கண்டுபிடித்தார்: வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் ட்ரையலுக்கு வந்தால் ஆள் எடுக்காமலேயே வண்டி ஓடும். யாரிடமும் வேலை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் வெளியே பேச்சு போய்விடும். பார்த்துச் சொல்றோம், பார்த்துச் சொல்றோம்.

கண்டுபிடித்தது சார். ஆனால் அவர்களுக்குத் தேதி கொடுத்தது யார்? செவ்வாய்க்கு ஒருவர், வியாழனுக்கு ஒருவர், சனிக்கு ஒருவர் என்று கணக்காக வரவழைத்தது யார்?

அண்ணனுக்கு இது தெரியாது.

மார்ச் 7, சனி

இன்றைக்கு வந்த பெண்ணை நான் மறக்க மாட்டேன்.

படுக்கை படுக்கையாகப் போய்த் தான் யார், ஏன் வந்திருக்கிறேன் என்று சொன்னாள். ஏழாம் படுக்கை என் அண்ணன் என்று சொல்லியிருந்தேன்; அவன் இடது கையைத் தொடுவதற்கு முன்னால், "எந்த இடத்துல குத்தினா உங்களுக்குப் பரவாயில்லைண்ணா?" என்று கேட்டாள். ஆறு வருடத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் கை ரத்தக்குழாய் மேல்பக்கம் வளைந்து போகும், மூத்தவரே சில நாள் திணறுவார். இவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள். இரண்டு ஊசியும். அண்ணன் உடனே பெயர் வைத்துவிட்டான்: ஒரே குத்து.

"இந்த ஒரே குத்தை விட்டுடாதே. விட்டா உன்னை நான் குத்துவேன்" என்றான் வீட்டுக்கு வரும் வழியில்.

கிளம்பும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள். "மேடம், எப்ப தெரியும்? இப்ப இருக்கற இடத்துல முன்கூட்டியே சொல்லணும்." திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றேன். மனதார, நம்பித்தான் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

சாரிடம் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் போதும் என்று கடிதமே தயாராகக் கொண்டுபோனேன்.

"நல்லா பண்றாளா? அப்ப அவசரப்படாதே. அவசரப்பட்டா தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க. இன்னும் ரெண்டு மூணு பேரை ட்ரையலுக்குக் கூப்பிடு, பாக்கலாம்."

"சார், அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"இருக்கட்டுமே. வேலை வேணும்னா காத்திருக்கட்டும்."

அவளைக் கூப்பிட்டு என்ன சொல்வது? இன்னும் முடிவாகவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு சார் மனம் மாறலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 11, புதன்

அவளிடமிருந்து இரண்டு அழைப்பு. போனைக் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவு பெரிய தைரியசாலி நான்.

மார்ச் 14, சனி

இன்று வர வேண்டியவன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மூத்தவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார், இளையவள் மதிய ஷிஃப்டோடு போய்விட்டாள், எட்டு பேரையும் அவரே பார்த்தார். அண்ணனிடம் வரும்போது ரொம்பக் களைத்திருந்தார். மூன்று தடவை குத்தினார். மூன்றாவது தடவை ஊசி குழாயைத் தாண்டிப் போய், கை முழங்கை வரைக்கும் வீங்கிவிட்டது.

மூத்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுதாரா தெரியவில்லை. அண்ணன்தான் அவரைச் சமாதானப்படுத்தினான். "விடுங்க சார், பழைய ரோடு, பள்ளம் மேடு இருக்கத்தான் செய்யும்." டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவன், எல்லாவற்றுக்கும் ஒரு வண்டிப் பேச்சு வைத்திருப்பான்.

நான் கழிவறையில் போய் நின்றேன். நான் ஒரு போன் பண்ணியிருந்தா அந்தப் பொண்ணு இன்னைக்கு இங்க நின்னிருப்பா. ஒரே ஒரு போன்.

மார்ச் 15, ஞாயிறு

கை கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது. அண்ணி ஐஸ் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நீதானே ஆள் எடுக்கற? எடேன்."

மார்ச் 17, செவ்வாய்

காலையிலிருந்து போன். டெக்னீஷியன் படிப்புச் சொல்லித்தரும் கல்லூரிகள், பழைய விண்ணப்பங்கள், யாரோ கொடுத்த நம்பர்கள். யாரும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் ஒரு பையன்தான் மறைக்காமல் கேட்டான்.

"மேடம், நீங்க அந்த ஃப்ரீ ஷிஃப்ட் சென்டரா?"

டெக்னீஷியன்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறதாம். அதில் யாரோ போட்டிருக்கிறார்கள், அவனே படித்துக் காட்டினான். 'அங்க போகாதீங்க. ட்ரையல்னு சொல்லி வேலை வாங்குவாங்க. அப்புறம் போனை எடுக்க மாட்டாங்க.' எதிர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையை மறுப்பது? வைத்துவிட்டேன்.

அண்ணன் ஷிஃப்டைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அதன் கழுத்தை நானே நெரித்திருக்கிறேன். ஒவ்வொரு செவ்வாயும், ஒவ்வொரு வியாழனும், தேதி போட்டு.

மார்ச் 18, புதன்

சார் அறையில் கெஞ்சினேன். நன்றாகவே கெஞ்சினேன், வெட்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "உங்க அண்ணனுக்காக நான் சென்டர் நடத்த முடியுமா?" என்றார். பிறகு எதற்கோ மனம் இறங்கி, "சரி, அந்தப் பொண்ணை வரச் சொல்லு" என்றார். படியில் இறங்கும்போதே நம்பரைத் தேடினேன். சாயங்காலம் முழுக்க எடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "திங்கக்கிழமை சொல்றேன்னீங்க மேடம். அன்னைக்குப் பூரா போனைக் கையிலயே வச்சிருந்தேன். குளிக்கப் போறப்பகூட அம்மாகிட்ட குடுத்துட்டுத்தான் போனேன்." பிறகு சொன்னாள்: "இல்லைன்னு சொல்லியிருந்தாலும் போதும். வேற வேலையைப் பாத்திருப்பேன்ல, ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

நான் என்னவோ சொன்னேன். மன்னிச்சுக்கோம்மா என்றேனா, சார்தான் என்றேனா, ஞாபகமில்லை. சார்தான் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

ஜனவரியிலிருந்து ட்ரையலுக்கு வந்த எல்லோரையும் இன்று கூப்பிட்டேன். உங்களுக்கு இந்த வேலை இல்லை, முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு. இதையே திரும்பத் திரும்ப.

ஒருவன் சிரித்தான். ஒருத்தி பேசாமல் வைத்துவிட்டாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து எங்களுக்கு ஏழு மணி நேரம் உழைத்த ஒரு மனிதர், "பரவாயில்லைம்மா, நீங்களாவது கூப்பிட்டீங்களே" என்றார். அதுதான் இன்னும் அறுக்கிறது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? அவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்காகத்தான் பண்ணினேனோ? பண்ணாமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

அறிவிப்பு ஒட்டியாயிற்று. 31-ஆம் தேதியோடு சாயங்கால ஷிஃப்ட் நிறுத்தம். தட்டச்சு செய்தது நான், ஒட்டியதும் நான்.

மூன்றாம் படுக்கை அம்மா அதை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் எங்கம்மா போறது?" நம்பர் தருகிறேன், விசாரிக்கிறேன் என்று உளறினேன்.

அண்ணன் படிக்கவே இல்லை. "வண்டியை ஷெட்ல விட வேண்டியதுதான்" என்றான். எப்போதும் அவன் சொன்னதற்குச் சிரிக்கும் எதிர்ப்படுக்கைக்காரர் இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

நாலு ஆஸ்பத்திரியில் கேட்டாயிற்று. வரிசை, வரிசை, வரிசை. பயமா இருக்கு. அண்ணி என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டாள். திட்டினாலாவது நன்றாக இருக்கும்.

கேட்காமல் விட்ட இடம் ஒன்றுதான் இருக்கிறது. எந்த முகத்தோடு கேட்பது?

மார்ச் 27, வெள்ளி

கேட்டேன். எந்த முகமும் இல்லாமல்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். எனக்கு உன்கிட்ட எதுவும் கேட்க உரிமை இல்லைம்மா, ஆனா அண்ணனுக்கு வேற வழியில்லை என்றேன்.

அவள் பின்னால் மெஷின் அலாரம் அடித்து நின்றது.

"ஏழாம் படுக்கைதானே? இடது கை, மேல வளைஞ்சு போகும்."

"ஆமா."

"எங்க இன்சார்ஜ்கிட்ட கேட்டுப் பாக்கறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேன். இல்லைன்னாலும் கூப்பிட்டுச் சொல்றேன்."

குத்திக்காட்டவில்லை. அவள் குரலில் அது இல்லை. ட்ரையல் அன்று படுக்கை படுக்கையாகப் பேசிய அதே குரல்.

மார்ச் 28, சனி

கூப்பிட்டாள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. விடிகாலை ஷிஃப்டில் ஒருவர் வேறு ஊருக்குப் போகிறார், அந்த இடம் இருக்கிறது. வியாழனிலிருந்து வரலாம், ஃபைலையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடுத்துவரச் சொன்னாள். மூன்றாம் படுக்கை அம்மாவைப் பற்றியும் கேட்டேன். "இப்போதைக்கு இல்லை மேடம். பேரை எழுதி வைக்கச் சொல்லியிருக்கேன். ஆனா மே மாசத்துக்கு முன்னாடி நம்பாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெளிவாச் சொன்னியே, என் பையன் வீட்டுப் பக்கம் பாத்துக்கறேன்" என்றார்.

மார்ச் 30, திங்கள்

காலை ஷிஃப்டுக்கு இனி ட்ரையல் ஆள் வேண்டுமாம். சார் புது நம்பர்கள் கொடுத்தார். முதல் நம்பரில் ஒரு பெண். சம்பளம் இல்லாத முழு ஷிஃப்ட், முடிந்ததும் வேலை கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, பதில் வருமென்றும் சொல்ல முடியாது, வருகிறீர்களா என்று கேட்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இரண்டாவது நம்பருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தபோது சார் என் பின்னால் நின்றிருந்தார்.

மார்ச் 31, செவ்வாய்

என்னை பில் கவுண்டருக்கு மாற்றியாயிற்று. ஆள் எடுக்கும் வேலை இனி வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு. அவளுக்கு இனிமையான குரல். மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

சாயங்கால ஷிஃப்ட் இன்றோடு முடிந்தது. மூத்தவர் மெஷின்களைத் துணி போட்டு மூடினார்.

ஏப்ரல் 2, வியாழன்

அண்ணன் இருட்டில் கிளம்பி, வெயில் ஏறத் திரும்பி வந்தான். கையில் இரண்டே பிளாஸ்திரி. அண்ணி அவன் சட்டைக் கையை மடித்து அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்து காபி போட்டாள்.

"ஒரே குத்தா?" என்று கேட்டேன்.

"ஒரே குத்து. 'முகம் மறந்துபோச்சுண்ணா, கை ஞாபகமிருக்கு'ன்னா அந்தப் பொண்ணு."

"நான் உன் தங்கச்சின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அதுக்கு?"

காபியை ஆற்றினான். எப்படிச் சொல்வது என்று யோசிப்பது தெரிந்தது. "தெரியும்னு தலையாட்டிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிட்டா."