வெங்காயத் தாளை ஊதிக் காட்டியது நான்தான், அண்ணி

என்னை ஒரு நாளும் ‘ஏய்’ என்று கூப்பிடாத என் அண்ணிக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் மலர்தான் எழுதுகிறாள். ஒன்பதாவது படிக்கிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் டீச்சர் சிரிப்பார்கள் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள்.

இந்த வருசம் மழை ஏமாற்றவில்லை. வெங்காயம் நன்றாக விளைந்தது, காற்றோட்டமாக மூங்கில் பட்டறை போட்டு அதில் சேமித்து வைத்திருக்கிறோம். உங்கள் செவலைப் பசு கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதன் தாய்க்கும் அப்படித்தான் இருந்தது, குன்னம் சந்தையில் அதைப் பிடித்து வந்த அன்றைக்கு... சரி, விடுங்கள். சொல்லக் கூசுகிற விஷயம் வந்தால் எனக்கு மாடும் மழையும்தான் ஞாபகம் வரும்.

மலருக்கு எட்டு வயசு இருக்கும்போது நடந்தது. அவளுடைய மூச்சிழுப்புக்கு நீங்கள் பெரம்பலூர் போய், அங்கிருந்து பஸ் மாறித் திருச்சி டாக்டரிடம் காட்டி, ரெண்டு பம்ப் வாங்கி வந்தீர்கள். ஒன்று இழுப்பு வந்தால் மட்டும். இன்னொன்று நன்றாக இருக்கிற நாளிலும் காலை, சாயங்காலம் தவறாமல். நீங்கள் அதைக் குலுக்கிக் கொடுப்பீர்கள். அவள் மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து, அமுக்கி மெதுவாக இழுப்பாள். நீங்கள் விரல் மடக்கிப் பத்து எண்ணுகிறவரை மூச்சைப் பிடித்து நிற்பாள். அப்புறம் வாய் கொப்பளிப்பாள். நான் தெருக்கூத்துப் பார்க்கிற மாதிரி நின்று பார்ப்பேன்.

“குதிச்சிக்கிட்டுத் திரியற புள்ளைக்கு எதுக்குண்ணி மருந்து? பழகிப் போயிடும்” என்றேன்.

“குதிக்கிறதே அதாலதான் அஞ்சலை. நிறுத்துனா தெரியும்” என்றீர்கள்.

வெங்காயத் தாள் அறுக்கிற களத்தில் என் வாய் ஓயாது என்று உங்களுக்குத் தெரியுமே. நான் கதை சொன்னால்தான் எல்லோருக்கும் கை ஓடும். அன்றைக்கு என்னிடம் கதை தீர்ந்துவிட்டது. கையில் பச்சை மாறாத ஒரு வெங்காயத் தாள். அதை வாயில் வைத்து, கண்ணை உருட்டி, தோளைத் தூக்கி ஊதிக் காட்டினேன்.

“டியூப்புக்குக் காத்து ஏத்தியாச்சு! மகாராணி, வண்டி கெளம்பலாம்!”

“சாயங்காலமும் ஏத்தணுமாமே, பஞ்சராடி?” என்றாள் ஒருத்தி.

“ஆமா, ஒட்டுப் போடத்தானே திருச்சி வரைக்கும் போனாங்க!”

களமே சிரித்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் மலர் நின்றதைப் பார்த்தேன். பார்த்தேன், அண்ணி. சிரிப்பு அடங்கவில்லையே என்று இன்னொரு தடவையும் ஊதிக் காட்டினேன்.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் பஞ்சர் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவள், “நானே ஊதிக்கிறேம்மா” என்று பம்பைக் கொல்லைக்குத் தூக்கிப் போனாள். புஸ்ஸென்று சத்தம் கேட்கும். நீங்கள் நம்பினீர்கள். அவள் முருங்கை மரத்தைப் பார்த்துக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தாள்.

மூணு வாரம் போனது. ஒரு மத்தியானம், களத்தில் வெங்காயச் சருகு பறக்கும்போது அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. இழுப்புக்கென்று வைத்திருந்த பம்புக்கும் அடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. நீங்கள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினீர்கள். நான் பையோடு பின்னால் ஓடினேன். வந்த பஸ்ஸில், ஒரு தடவை என் கோழிக்கூடையைப் பாதி வழியில் இறக்கிவிட்டாரே, அதே கண்டக்டர்தான். அன்றைக்கு வேறெங்கும் நிறுத்தாமல் பெரம்பலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் முகத்தில் காற்றுக் குழாய் வைத்த பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு இறங்கியது.

தினமும் மருந்தை ஒழுங்காக இழுத்தாளா என்று மறுநாள் காலையில் கேட்டீர்கள். “காத்துல அடிச்சேன்” என்றாள். பளாரென்று அறைந்தீர்கள்.

“எதுக்குடி என்னை ஏமாத்துன?”

அவள் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பையின் காதை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். “சின்னப் புள்ள, வுடுங்கண்ணி” என்று நல்லவள் மாதிரி ஒரு வார்த்தை வேறு சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன்னைய வுட்டா அவளுக்கு யாரு இருக்கா அஞ்சலை” என்று அழுதீர்கள். அந்தக் கையை உதறிவிட்டு உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். போன வருசம் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போனீர்கள். அந்தப் பத்து நாளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொன்னேனா?

இதைச் சொல்லும்போது மலரின் பேனா நின்றுவிட்டது.

“அன்னிக்கே ஏண்டி அம்மாகிட்ட என்னைக் காட்டிக் குடுக்கல?” என்றேன்.

“சொன்னா ஒங்களக் களத்துல பேச வுடமாட்டாங்கன்னு நெனச்சேன். எனக்குக் கதை கேக்கணுமே அத்தை.”

என் கதைக்காகவா அவள் அந்த அறையை வாங்கிக்கொண்டாள்?

நாளைக்கு உங்கள் திதி. சாப்பாடு ஆனதும் மலர் இதை அதே களத்தில், அன்றைக்குச் சிரித்தவர்கள் நடுவில் படிப்பாள். நான் முன்னால் உட்காருவேன். முகத்தை மூட மாட்டேன்.

நீங்கள் போனதிலிருந்து காலையும் சாயங்காலமும் நான்தான் பக்கத்தில் நிற்கிறேன். “எனக்குத் தெரியும், போங்கத்தை” என்கிறாள். போக மாட்டேன். உங்களைப் போலவே விரல் மடக்குகிறேன். நன்றாக இருக்கிற நாளிலும் ஒரு வேளை தவறாது, அண்ணி. அவள் மூச்சைப் பிடித்து நிற்கிற அந்தப் பத்து எண்ணிக்கை முடிகிறவரை, ஊரே வந்து கதை கேட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

கைநாட்டு வைப்பவள்,
உங்கள் நாத்தனார் அஞ்சலை