வரிசையாக நட்ட குப்பைக்கீரை

செவ்வாய்க்கிழமை, இரவு

நிலம் போகவில்லை.

அம்மா பெயருக்கு அரசாங்கம் கொடுத்த நிலம் தண்ணீர் இல்லாமல் இந்த வருஷம் தரிசாகக் கிடக்கிறது. "பயிர் வைக்கலன்னா திரும்பப் புடுங்கிக்குவாங்க. நாளிக்கு வி.ஏ.ஓ. பாக்க வருது" என்று பக்கத்து நிலத்துக்காரர் நேற்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா பயந்துவிடுவாள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. விடிந்ததும் ஏரிக்கரையிலிருந்து குப்பைக்கீரையை வேரோடு பிடுங்கி வந்து, குடத்துத் தண்ணீர் ஊற்றி, வரிசையாக நட்டேன்.

பள்ளிக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். வெயில் ஏறியதும் எல்லாம் தலை சாய்ந்துவிட்டன. வி.ஏ.ஓ. மேடம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, குப்பைக்கீரைய நாத்தாட்டம் நட்டு வச்சிக்கீற? மாட்டுக்கா, எனக்கா?"

அழுதுவிட்டேன். "எங்க நெலத்தப் புடுங்கிக்காதீங்க மேடம்."

"தண்ணி இல்லாம காஞ்சி கெடந்தா அது உங்கம்மா தப்பா? எவன் சொன்னான் உனக்கு? இங்க நெலம் வாங்குன எல்லாருக்கும் சேத்து கவர்மெண்ட்டுல போர் போடப்போறாங்க. எடம் பாக்கத்தான் வந்தேன். மூஞ்சியக் கழுவிக்கினு ஸ்கூலுக்குப் போ."

சாயங்காலம் கூலி வேலை முடிந்து வந்த அம்மாவிடம் போர் விஷயத்தை மட்டும் சொன்னேன். "நம்ம நெலத்துக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதைச் சொல்லவில்லை. அவர் வயலில்தான் அம்மாவுக்கு வேலை.

இப்போது அப்பாவைத் தட்டி எழுப்பி, முதலில் கத்தரியா வேர்க்கடலையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டுத்தையும் போடு. என்னத் தூங்க வுடு" என்கிறார் அப்பா.