இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறியபோது

என் அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாயிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் இன்னும் பிடிபடவில்லை. கரண்டி கேட்க நினைத்தால் செருப்பு என்று வாயில் வருகிறது, தப்பென்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கி எழுந்து போய்விடுகிறார்.

போன வாரம் உன் சித்தப்பா நம் பழைய காரைக் கிளப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் சேர்ந்தாற்போல் உச்சிக்கு ஏறி நின்றுவிட்டன, இன்ஜினோ இன்னும் ஜில்லென்று இருக்கிறது. ரெண்டு மீட்டரும் போச்சு அண்ணி, இனிமே இதுக்கு மீட்டர் எங்க போய்த் தேடறது, வித்துடலாம் என்றார். அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார், ஆனால் பேச்செல்லாம் என்னிடம். அப்பா பானெட்டில் ஓங்கித் தட்டி, இல்ல இல்ல என்றார். அந்த வார்த்தை மட்டும் நேராக வந்தது.

சித்தப்பா போனதும் அப்பா என்னை இழுத்துக்கொண்டு போய் முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வைத்தார். அவரால் குனிய முடியாது, அதனால் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு மல்லாந்து படுத்தது உன் அம்மாதான். பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். மஞ்சள் என்றார், மஞ்சள் வயரைத் தொட்டேன், ஸ்டியரிங்கில் அடித்தார். நீங்கதானே மஞ்சள்னு சொன்னீங்க என்று நானும் கத்திவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. வார்த்தையை விடுங்க, கையைக் காட்டுங்க என்றேன். விரல் போனது கறுப்பு வயருக்கு. பிறகு எல்லாமே சைகைதான். இரண்டு விரலைத் தூக்கிச் சேர்த்து, மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தகரப் பெட்டியைக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக ஏறினால் கோளாறு மீட்டர்களில் இல்லை, இரண்டுக்கும் கரண்டைக் குறைத்து அனுப்பும் அந்த ஒரே பெட்டியில். அதன் எர்த் வயர் வண்டியின் உடம்போடு சேரும் இடம் முழுக்கத் துரு. உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கி, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். சூட்டு முள் அடியிலேயே இருந்தது, பெட்ரோல் முள் லேசாக அசைந்து அடிக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. காலி என்றார் அப்பா. டேங்க் உண்மையிலேயே காலிதான். சரியாகச் சொன்னது அவருக்கே ஆச்சரியம், இன்னொரு முறை காலி என்று சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்து அழுதுவிட்டேன்.

அப்பாவுக்கு என் மேல் கோபமா, ஏன் போனுக்கே வருவதில்லை என்று கேட்டிருந்தாயே, கோபமில்லை கண்ணு, உன் முன்னால் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம். இனி முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு. திருத்தாதே, நீயாக முடித்தும் வைக்காதே. அவர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போது சும்மா அவரைப் பார்த்துக்கொண்டிரு, அது போதும்.

கழுத்துவலிக்குத் தலையணையை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா