ஆரு நோக்குதா?

உம் காமிராப் பையைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தது. வகுப்பறை ஜன்னல்களை மறைக்க நீர் வாங்கிவந்த கறுப்புத் துணி உள்ளே மடிந்து கிடந்தது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் அதை விரித்து உட்கார்ந்துதானே படம் எடுப்பீர். துவைத்துத் தருகிறேன் என்றால், "கெடக்கட்டும்வே, படத்துல வாடை வராது" என்பீர்.

பதினோராம் வகுப்பில் ஊடகமும் திரைப்படமும் சொல்லிக்கொடுக்க, ஓய்வு பெற்ற நம் இருவரையும் நம்பித்தான் தலைமையாசிரியை அழைத்தார். எழுத்து என் பங்கு, காமிரா உம்முடையது. நான் வரையறைகளைக் கரும்பலகையில் வரிசைப்படி எழுதுவேன். நீர் ஓடும் படத்தைச் சட்டென்று நிறுத்தி, "இப்போ ஆரு நோக்குதா, மக்கா?" என்பீர். அம்மா நோக்குதா, போலீசு நோக்குது என்று பிள்ளைகள் கத்துவார்கள். 'பார்வைக் கோணம்' என்று எழுதினால்தான் மதிப்பெண் என்று நான் மெல்லச் சொல்வேன். "நீரு கோணத்த எழுதும். அதுவ நோக்கட்டு." சிரிப்பேன். இந்த வகுப்புக்கு நான் எதற்கு என்றும் தோன்றும்.

வெள்ளிக்கிழமை உமக்கு நினைவுக் கூட்டம். பிள்ளைகள் தொகுக்கும் படத்தை அன்று காட்ட வேண்டும். நீர் எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தோம். வலை, படகு, மார்த்தாண்டத்து நெரிசல், பிள்ளைகளின் சிரிப்பு. எல்லாவற்றிலும் உம் குரல் இருக்கிறது. ஒன்றில்கூட நீர் இல்லை.

"சார், இதுல சாரே இல்லியே" என்றாள் மாணவி ஷமீமா.

முகம் கிடைக்காவிட்டால் அடையாள அட்டைப் படத்துக்கு மாலை போட்டுக் காட்டலாம் என்கிறார் தலைமையாசிரியை. அதில் முறைத்துக்கொண்டிருப்பவர் எனக்குப் பழக்கமில்லாத ஆள்.

சொல்லவே பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் உம் முகம் முழுதாக வருவதில்லை. மூக்கு வந்தால் வாய் வருவதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் போய்விட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒன்றையும் விடாமல் மறுபடி தேடினேன். ஒரு படத்துண்டில் நான் இருந்தேன், சாக்பீஸ் கையால் முகத்தை மறைத்தபடி.

"என்னை எடுக்காதேயும்."

"ஒம்ம எடுக்கலவே. போர்டத்தான் எடுக்கேன், நீரு குறுக்க நிக்கீரு."

கையைத் தாழ்த்திச் சிரிக்கிறேன். அங்கே நிறுத்தினேன். என் மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம். அதன் முன்னால் கறுப்பாக ஒரு உருவம். பெரிதாக்கினேன். மேலும் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர, மூக்கும் வரவில்லை, வாயும் வரவில்லை.

பின்னால் நின்ற ஷமீமா கேட்டாள்: "இப்போ ஆரு நோக்குதா, சார்?"

எனக்குப் பார்வைக் கோணம் என்று சொல்ல வரவில்லை. "அவருதான் நோக்குதாரு" என்றேன்.

அதையே கடைசிக் காட்சியாக வைப்போம் என்கிறார்கள் பிள்ளைகள். தலைமையாசிரியை ஒப்புவாரோ, தெரியாது. பிள்ளைகள் சொல்வது சரிதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. எனக்கு முகம்தான் வேண்டும்.

அதே மூக்குக்கண்ணாடியைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதைத் துடைப்பேன் என்று கேலி செய்வீரே. அந்தக் காட்சியைப் பார்த்ததிலிருந்து துடைக்கக் கை வரவில்லை. இதை எழுதும்போது எழுத்தெல்லாம் மங்கித்தான் தெரிகிறது.