இலை விட்ட பயறு

கெடிரி, கிழக்கு ஜாவா

அன்புள்ள வார்யோ அவர்களுக்கு,

ரத்னி எழுதுவது. நானும் நம் மகள் கினாசியும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலையைத் தனியாளாகத் தூக்காதீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்? இந்த ஊருக்கு டீச்சராக வந்தது என் தலையெழுத்து. இரண்டாம் வகுப்புக்கு, விதை முளைத்துச் செடியாவதுதான் பாடம். ஆளுக்குக் கொஞ்சம் பாசிப்பயறும் ஈரப் பஞ்சும் கொடுத்து, செடியானதும் கொண்டுவாருங்கள் என்று அனுப்பினேன். மூன்றாம் நாளே எல்லாரும் வந்துவிட்டார்கள். வால் விட்ட முளைப்பயறு, வெள்ளை வெளேரென்று, தோல் நீக்கி, கழுவி, வாழையிலையில் பொட்டலம் கட்டி!

ஊரே பயறு முளைகட்டி விற்கிறது, வேறென்ன நடக்கும்? இலை வரும்வரை விட்டுவையுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். பக்கத்து வீட்டு சர்மி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இலை விட்டா யாரு டீச்சர் வாங்குவா? வாத்துதான் திங்கும். பொழைக்கிற வழியப் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க" என்றார்.

சரியென்று பள்ளிக்குப் பின்னால் மண்ணிலேயே ஊன்றவைத்தேன். இரண்டு இலை வந்த அன்று, நான் மணி அடிக்கப் போன நேரத்தில் அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள். "கெட்டுப்போச்சு டீச்சர், அதான் சுத்தம் பண்ணிட்டோம்" என்று பெருமையாக வந்து நிற்கிறார்கள். பயறை வைத்தே பிழைக்கிற ஊரில், பயறு பூத்து ஒரு குழந்தைகூடப் பார்த்ததில்லை.

அதே வகுப்பில் இருக்கும் நம் கினாசி மட்டும் ஒரு செடியைக் குப்பையிலிருந்து எடுத்துவந்து, உங்கள் பழைய பூட்ஸில் மண் நிரப்பி நட்டிருக்கிறாள். போன வாரம் அது மஞ்சளாகப் பூத்தது. வகுப்பையே கூட்டிவந்து காட்டினேன். சர்மி அக்காவின் மகள், "இது நம்ம பயறே இல்ல, டீச்சர் பொய் சொல்றாங்க" என்று அடித்துப் பேசுகிறாள். காயை உரித்துப் பயறைக் கையில் கொடுத்தால்தான் நம்புவாளாம்.

கொடுக்கலாமென்றால் கினாசி விடமாட்டேன் என்கிறாள். "அப்பா வந்துதான் பறிக்கணும். பெருநாளுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காருல்ல?" என்கிறாள். வாத்துச் சத்தம் கேட்டாலே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

நீங்களோ, இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். போன வருடமும் இதையேதான் கேட்டீர்கள். சரி என்று எழுதினேன். இந்த முறை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. கினாசியிடமும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது நாலைந்து காய் பிடித்திருக்கிறது, பச்சையாக. கறுத்துக் காய்ந்தால் தானாக வெடித்துச் சிதறிவிடும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அது பார்க்காது. காய் பச்சையாக இருக்கும்போதே புறப்பட்டுவிடுங்கள்.

இறைவன் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ரத்னி